செல்போனுக்குள் எட்டிப் பார்க்கும் முதலாளி

(பெசன்ட் நகரில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில், தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பெசன்ட் நகரில் நின்று பேசும்போது ஒரு பழைய வழக்கு ஞாபகத்துக்கு வருகிறது. இந்தப் பேட்டைக்கு அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த அம்மையாருடன் பக்கத்திலுள்ள அடையாறு பிரம்மஞான சபையில் பணியாற்றியவர் பி. பி. வாடியா. 1918 ஏப்ரல் 27ந் தேதி, பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு. வி. க. ஆகியோருடன் வாடியாவும் அதற்கு முன்நின்றார்.

1920ல் மில்லில் தகராறு மூண்டது. கதவடைப்பு வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? சென்னை ஹைகோர்ட்டில் வாடியா மேல் வழக்குப் போட்டது. அவர் செய்த குற்றம் என்ன? மில்லுக்குத் தீ வைத்தாரா? பணத்தைத் திருடினாரா? ஒன்றுமில்லை. தொழிலாளர்களிடம் பேசினார். அவர் பேச்சைக் கேட்டுத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தை மீறினார்கள், அதனால் கம்பெனிக்கு நஷ்டம் என்பதுதான் வழக்கு. கோர்ட் தடையுத்தரவு போட்டது. வாடியா தொழிற்சங்க வேலையை விட்டு ஒதுங்க நேர்ந்தது. பேசினால் வழக்கு என்றால் சங்கம் எப்படி வாழும் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1921ல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் யாரோ கருணை கொண்டு கொடுத்ததல்ல. பெரம்பூர்த் தொழிலாளியின் வாயை அடைத்ததால் எழுந்த கோபத்தில் பிறந்தது.

நூறு வருஷம் ஓடிவிட்டது. தொழிலாளி பேசுவதும் நிற்கவில்லை, முதலாளி காது கொடுத்து ஒட்டுக் கேட்பதும் நிற்கவில்லை. பேசும் இடம்தான் மாறியிருக்கிறது. அன்று மில் வாசல், டீக்கடை, களத்துமேடு. இன்று வாட்ஸ்அப் குரூப், பேஸ்புக். அன்று மேஸ்திரி வந்து கோள் சொன்னான். இன்று குரூப்பில் இருக்கும் ஒருவன் ஸ்கிரீன் ஷாட் எடுத்து மானேஜருக்கு அனுப்புகிறான். இதை வைத்து ஒருவனுக்கு வேலை இல்லை என்கிறார்கள், இன்னொருவனுக்கு மெமோ கொடுக்கிறார்கள், மூன்றாமவனை வெளியே தள்ளுகிறார்கள். இப்படிச் செய்ய அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? கொடுத்தால் எவ்வளவு? அதில் முதலாளி எங்கே வசமாக மாட்டிக்கொள்வான், தொழிலாளி எங்கே மாட்டிக்கொள்வான்? இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரியில் தமிழ்நாடு கிராம வங்கியில் வேலை பார்த்தவர் ஒருவர், தொழிற்சங்கத்திலும் ஈடுபாடுள்ளவர். ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளின் முடிவுகளைக் குறைகூறிப் பதிவு போட்டார். வங்கி குற்றச்சாட்டு மெமோ கொடுத்தது. அவர் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார். 2023ல் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அந்த மெமோவை ரத்து செய்தார். அவர் சொன்னதன் சாரம் இது: எந்த ஸ்தாபனத்திலும் வேலை செய்கிறவனுக்கு மனக்குறை இருக்கும், அதைத் தன் சக ஊழியர்களிடம் கொட்டித் தீர்க்க அவனுக்கு உரிமை உண்டு. நாலு பேர் தனியாக உட்கார்ந்து பேசினால் அது எப்படிக் குற்றமாகாதோ, அப்படித்தான் வெளியார் நுழைய முடியாத குரூப்பில் பேசுவதும். மனத்தில் நினைப்பதற்கெல்லாம் தண்டனை கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

இது ஒன்று மட்டுமல்ல. 2017ல் கேரள ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. மகாத்மா காந்தி பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் பல்கலைக்கழகத்தைக் குறைகூறிப் பேஸ்புக்கில் எழுதினார், சஸ்பெண்ட் செய்தார்கள். ஊழியன் என்பதாலேயே ஒருவன் தன் கருத்தைச் சொல்லக்கூடாது என்று தடுக்க முடியாது என்று கோர்ட் சொல்லி சஸ்பென்ஷனை ரத்து செய்தது. 2020 ஜனவரியில் திரிபுரா ஹைகோர்ட்டில் இன்னொரு வழக்கு. மீன்வளத் துறையில் வேலை செய்த ஒரு பெண்மணி. ஓய்வு பெற ஒரு வாரம்கூட இல்லை. அரசியல் கூட்டத்துக்குப் போனார், பேஸ்புக்கில் எழுதினார் என்று சஸ்பெண்ட் செய்தார்கள்; ஓய்வுகாலப் பணத்துக்கும் ஆபத்து வந்தது. சர்க்கார் ஊழியராக இருந்தாலும் பேச்சுரிமை போய்விடாது, நடத்தை விதிகள் போட்டிருக்கும் எல்லைக்குள் அது உண்டு என்று தலைமை நீதிபதி அகில் குரேஷி தீர்ப்பளித்தார்.

இதைக் கேட்டுவிட்டு, "ஆகா! இனி என்ன வேண்டுமானாலும் எழுதலாம்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், தோழர்களே! அடுத்த வழக்கையும் கேளுங்கள். கசப்பாக இருக்கும். ஆனால் மருந்தும் கசக்கத்தான் செய்யும்.

மகாராஷ்டிரத்தில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு பாக்டரி. சம்பள ஒப்பந்தம் பற்றிச் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு. ஒரு தொழிலாளி பேஸ்புக்கில் நிர்வாகத்தைத் தாக்கி இரண்டு பதிவு போட்டார். வேலைநீக்கம் செய்தார்கள். தொழிலாளர் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் ஹைகோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பதிவுகள் நிர்வாகத்தின் மேல் வெறுப்பைக் கிளறிவிடும் நோக்கம் கொண்டவை, பேச்சுச் சுதந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று சொல்லி, கம்பெனி செய்தது சரி என்று முடித்துவிட்டது.

அதே 2023ம் வருஷம். இரண்டுமே தொழிலாளியின் பேச்சு. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். ஏன்?

ஒரு காரணம், பேசிய இடம். ஆறுமுகநேரிக்காரர் பேசியது நாலு சுவருக்குள் பேசுவது மாதிரி. மற்றவர் பேசியது நடுத்தெருவில் மைக் வைத்துப் பேசுவது மாதிரி. இரண்டாவது காரணம், பேச்சின் தன்மை. குறைகூறுவது வேறு, அடி, உதை, கொளுத்து என்று கோர்ட்டுக்குத் தோன்றும்படி எழுதுவது வேறு. நாம் என்ன நினைத்து எழுதினோம் என்று கோர்ட் கேட்காது. படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்கும். மூன்றாவது காரணம், முதலாளி யார் என்பது. அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு தரும் பேச்சுரிமை சர்க்காருக்கும் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கும் எதிராகப் போடப்பட்ட வேலி. வங்கி, பல்கலைக்கழகம், மீன்வளத் துறை எல்லாம் அந்த வேலிக்குள் வருகின்றன. தனியார் மில் முதலாளியை நோக்கி, "என் 19வது பிரிவு உரிமையை மீறினாய்" என்று நேராக ஹைகோர்ட்டுக்குப் போவது சுலபமல்ல.

அப்படியானால் தனியார் மில் தொழிலாளிக்கு வேலியே இல்லையா? இருக்கிறது. அந்த வேலிக்குப் பெயர் தொழிற்சங்கம்.

1926ம் வருஷச் சட்டம், 1947ம் வருஷத் தொழில் தகராறு சட்டம், நிலையாணைச் சட்டம் ஆகிய மூன்றையும் கரைத்து 2020ல் தொழில் உறவுத் தொகுப்பு என்று ஒரே சட்டமாக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் நாம் இழந்தது நிறைய. 300 பேருக்குக் குறைவான பாக்டரிக்கு நிலையாணை கட்டாயமில்லை என்றாகிவிட்டது. அதை எதிர்த்து நம் போராட்டம் தொடரும். ஆனால் பிடுங்க முடியாமல் விட்டுவைத்தவையும் சில உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் செய்வது குற்றம். சங்கம் அமைப்பதில் மிரட்டித் தலையிடுவது குற்றம். பழிவாங்கும் நோக்கத்தோடு நீக்குவது குற்றம். ஆகவே சங்கத்தின் கோரிக்கையை ஒரு தொழிலாளி குரூப்பில் போட்டார், அதற்காக நீக்கினான் என்றால், அது செல்போன் விவகாரமல்ல. சங்கத்தை உடைக்கும் விவகாரம். அங்கே முதலாளி மாட்டிக்கொள்கிறான்.

சமரச அதிகாரி முன்பு தகராறு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தமான காரணம் காட்டி ஒருவரை நீக்க வேண்டுமானால் அந்த அதிகாரியின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். சம்பளப் பேச்சு நடக்கும்போது அதைப் பற்றி எழுதினான் என்று மறுநாளே வெளியே தள்ளினால், அங்கேயும் மாட்டிக்கொள்கிறான்.

குற்றச்சாட்டுக் கொடுக்காமல், விசாரணை செய்யாமல், பதில் சொல்ல சந்தர்ப்பம் கொடுக்காமல் நீக்கினால், அங்கேயும் மாட்டிக்கொள்கிறான். நிலையாணை உள்ள இடத்தில் சஸ்பெண்ட் செய்தால் சாதாரணமாக 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். அதுவரை பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், தாமதம் தொழிலாளியால் வந்ததல்ல என்றால், முக்கால் சம்பளம் கொடுக்க வேண்டும். தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்று தோன்றினால் அதைக் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

ஸ்கிரீன் ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மானேஜர் ஒரு காகிதத்தை நீட்டி, "பார், நீ எழுதியது" என்பார். நம் ஆள் பயந்துபோய், "மன்னித்துவிடுங்கள் சார்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதிக் கொடுத்த அந்தக் கடிதமே பிறகு சாட்சியாகிவிடும். அவசரப்படாதீர்கள்! செல்போன் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். கோர்ட்டில் அப்படிப்பட்ட நகலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. கம்பெனி விசாரணையில் அவ்வளவு கண்டிப்பு இல்லைதான். ஆனாலும் யார் எழுதியது, யார் எடுத்தது, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அனுப்பியவனைச் சாட்சியாகக் கூப்பிடு என்று கேளுங்கள்.

"போலீசில் கொடுப்பேன், 66ஏ பிரிவில் உள்ளே தள்ளுவேன்" என்று இன்னும் சிலர் மிரட்டுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. செத்த பாம்பைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் அவதூறு, மிரட்டல் ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உயிரோடு இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வேலைக்குச் சேரும் கட்டத்துக்கு வருவோம். விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள்தானே ஊரில் வேலையில்லாமல் திருப்பூருக்கும் கோவைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறுகிறார்கள்! ஒரு பையன் வேலை கேட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கிறவன் அவன் பேஸ்புக்கைத் திறந்து பார்க்கிறான். என்ன சாதி, என்ன மதம், அப்பா எந்தக் கொடி பிடிக்கிறார், பெண்ணாயிருந்தால் கல்யாணமாகிவிட்டதா, கைக்குழந்தை உண்டா, எல்லாம் அதிலே தெரிகிறது. விண்ணப்பத்தில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்துவிடுகிறது. பிறகு, "இடமில்லை, போய் வா" என்கிறான். காரணம் சொல்வதில்லை.

இது கற்பனையல்ல. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் பாக்டரியில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி மறுத்தது. அங்கே எப்படி ஒதுக்கினார்கள் என்பது வேறு விஷயம். ஒதுக்க நினைக்கிறவனுக்குப் பேஸ்புக் எவ்வளவு சௌகரியமான கண்ணாடி என்பதை யோசியுங்கள்!

இங்கேயும் சட்டத்தில் முதலாளிக்குப் பொறி இருக்கிறது. ஒரே மாதிரி வேலைக்கு ஆளெடுக்கும்போது ஆண், பெண் என்று பேதம் காட்டக்கூடாது என்று 2019ம் வருஷ ஊதியத் தொகுப்பு சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ளவரை வேலையில் ஒதுக்கக்கூடாது என்று 2017ம் வருஷச் சட்டமும், திருநங்கை, திருநம்பியரை ஒதுக்கக்கூடாது என்று 2019ம் வருஷச் சட்டமும் சொல்கின்றன. ஒரு முதலாளி இந்தச் சங்கதிகளையெல்லாம் பேஸ்புக்கில் பார்த்துவிட்டு ஒருவரை ஒதுக்கினால், "எனக்குத் தெரியாது" என்று பிறகு தப்பிக்க முடியாது. பார்த்தவன், பார்த்ததற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அதையொட்டி 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலானவை அமலுக்கு வரப் பதினெட்டு மாதம் தவணை கொடுத்தார்கள். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் அந்தச் சட்டத்தை விரித்துப் படித்தால் மூன்று ஓட்டை தெரிகிறது. ஒன்று, நீங்களாகவே ஊரறியப் போட்ட சங்கதிக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. இரண்டு, வேலை சம்பந்தமாகவும் தன்னை நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்ளவும் என்றால் முதலாளி உங்கள் சம்மதம் கேட்காமலே உங்கள் தகவலைப் பயன்படுத்தலாம். மூன்று, அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு என்று அதில் ஒரு காசு கிடையாது. ஆனால் பொய்ப் புகார் கொடுத்தால் தொழிலாளிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு! யாருக்காக எழுதிய சட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மற்ற தேசங்களில் என்ன நடக்கிறது? துருக்கியில் கல்வி அமைச்சகத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்த ஒரு பெண்மணி. அவர் ஒன்றும் எழுதவில்லை. பிறர் எழுதியதற்கு "லைக்" போட்டார். வேலை போயிற்று. அவர் சளைக்காமல் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரை போனார். 2021ல் ஜெயித்தார். துடைப்பம் பிடித்த கை ஒரு அமைச்சகத்தைக் கோர்ட்டில் நிறுத்தியது!

அமெரிக்காவில் பஃபலோ நகரில் ஐந்து தொழிலாளர்கள். சரியாக வேலை செய்யவில்லை என்று சக ஊழியர் ஒருவர் தங்கள் மேல் குறை சொல்வதைப் பற்றி, லீவு நாளில் பேஸ்புக்கில் பேசிக்கொண்டார்கள். ஐந்து பேரையும் நீக்கினார்கள். 2012 டிசம்பரில் அந்நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியம், வேலை நிலைமை பற்றித் தொழிலாளர்கள் கூடிப் பேசுவது சட்டத்தின் பாதுகாப்பு உள்ள காரியம் என்று சொல்லி ஐவரையும் திரும்ப எடுக்க உத்தரவிட்டது. கவனியுங்கள்: கூடிப் பேசியதால் பாதுகாப்பு. அதே 2012ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம், வேலைக்காரனிடம் பாஸ்வேர்டு கேட்கக்கூடாது என்று சட்டமே போட்டது.

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு எடுத்துப் போகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். "போனைத் திற, பார்க்கணும்" என்று சூபர்வைசர் கேட்டால், "எழுத்தில் கொடுங்கள், சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கோபத்தில், அதுவும் குடித்துவிட்டு, எதையும் எழுதாதீர்கள். மானேஜரின் குடும்பத்தையும் சாதியையும் இழுத்து ஏசாதீர்கள். அது நம் பண்பாடும் அல்ல, நமக்குப் பாதுகாப்பும் அல்ல. எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு சம்பளப் பாக்கி, எந்த மெஷினில் காவல் கம்பி இல்லை என்று உண்மையை எழுதுங்கள். தனியாள் பெயரில் எழுதுவதைவிடச் சங்கத்தின் பெயரில், தீர்மானமாக எழுதுங்கள். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத நம்பரை வைத்துக்கொண்டு ரகசியம் பேசாதீர்கள். மெமோ வந்தால் அன்றைக்கே சங்க ஆபீசுக்கு வாருங்கள். வேலைநீக்கத்தை இரண்டு வருஷத்துக்குள் சமரச அதிகாரியிடம் கொண்டுபோகாவிட்டால் கதவு மூடிவிடும். முன்பு மூன்று வருஷம் இருந்தது, அதையும் குறைத்துவிட்டார்கள்.

சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்த ஒப்பந்தத்தில், தொழிலாளியின் சொந்தப் பேச்சை வைத்து நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்கக் கோர வேண்டும். பாஸ்வேர்டு கேட்பதைத் தடுக்கவும், வேலைக்கு எடுக்கும்போது சாதி, மதம், கட்சி ஆகியவற்றைத் துப்பறிவதைத் தடுக்கவும் தமிழ்நாட்டில் சட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டும். 300 பேர் என்ற வரம்பை உடைத்து, சின்ன மில்லிலும் நிலையாணை வேண்டும் என்று போராட வேண்டும்.

தோழர்களே! கீழத் தஞ்சையில் ஒரு காலத்தில் பண்ணையார்கள் விவசாயத் தொழிலாளியிடம் என்ன கேட்டார்கள்? "செங்கொடியை இறக்கு, சங்கத்தை விடு" என்றார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும்தான் குற்றம். 1968 டிசம்பர் 25ந் தேதி வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. கொடி இறங்கவில்லை.

அன்று குடிசை வாசலில் கொடி பறக்கிறதா என்று பார்த்தவன் வாரிசுதான் இன்று உன் செல்போனுக்குள் எட்டிப் பார்க்கிறான். அவன் தேடுவது நீ போட்ட படத்தையல்ல. நீ யாரோடு சேர்ந்திருக்கிறாய் என்பதைத்தான் தேடுகிறான். அவனுக்கு உன் கோபத்தைக் கண்டு பயமில்லை. தனி மனிதன் கோபத்தை ஒரு மெமோவில் அணைத்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். அவன் பயமெல்லாம் நீ சேர்ந்து நிற்பதைக் கண்டுதான்.

ஆகவே பேசுவோம். பயப்படாமல் பேசுவோம். யோசித்துப் பேசுவோம். சேர்ந்து பேசுவோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!